கங்காணியின் மொட்டை மலை

கோத்தா திங்கி டவுனிலிருந்து ஆற்றை ஒட்டி வரும் செம்மண் ரோட்டில் மாட்டுவண்டி கட்டி வந்தால், மேட்டுத்தோட்டத்தின் மலை தூரத்திலேயே தெரிந்துவிடும். சுற்றிலும் காடு கரும்பச்சையாக நிற்க, அது ஒன்று மட்டும் சவரம் பண்ணின தலை மாதிரி சிவப்பாகக் கிடக்கும். மலை முழுக்க இளம் ரப்பர் மரங்கள். மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே வெறும் மண். புல் கிடையாது, பூண்டு கிடையாது. காய்ந்த இலை விழுந்தால்கூட சாயந்தரத்துக்குள் பெருக்கியாகிவிடும்.

காட்டை வெட்டி எரித்து மரம் நட்ட வருஷத்திலிருந்து அந்த மலையை அப்படி வைத்திருந்தவர் கிரகோரி கங்காணி. புல்வெட்டுக் கும்பல் அவருடையது. ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் காலைப் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துவிட்டு மண்வெட்டியோடு மலையேறினால், கங்காணி முன்னால் போய் ஒரு மரத்தடியில் குந்திக் கொள்வார். கண்ணைத் தரைமட்டத்துக்குத் தாழ்த்தி ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்ப்பார். எங்கேயாவது பச்சையாக ஒரு நூல் தெரிந்தால் போதும், அந்த வரிசைக்காரர் தொலைந்தார். பெரிய தொரை வேறு தோட்டத்துத் தொரைமாரைக் கூட்டிவந்து அந்த மலையைக் காட்டியிருக்கிறார். அன்றைக்கெல்லாம் கிரகோரிக்குச் சோறு இறங்காது. அவ்வளவு சந்தோஷம்.

போன வருஷ மழைக்காலத்தில்தான் அந்த மலை இறங்கி வந்தது.

இறங்கி வந்தது என்றுதான் மலையடியில், லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஜனங்கள் சொன்னார்கள். நாலு நாள் விடாமல் பெய்த மழையில் சரிவிலிருந்த மண் கூழாகி, மழைத்தண்ணீர் ஓடும் அல்லூரைத் தாண்டி, குடிதண்ணீர்க் கிணற்றை மூடி, மேல் லயத்துச் சமையல்கட்டுகளின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தது. கிரகோரியின் சம்சாரம் சூசையம்மாள் அப்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். இடுப்புவரை மண் இறுக்கிக் கொண்டது. பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாளும் இரண்டு மூன்று பெண்களும் கையாலேயே பறித்து அவளை இழுத்துப் போட்டார்கள். உயிர்ச்சேதம் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்துவிட்டு வந்துவிட்டாள். சுவரையும் கட்டிக் கொடுத்தார்கள். கிணற்றைத் தூர்வாரினார்கள். ஆனால் தண்ணீர் மட்டும் பழையபடி தெளியவில்லை. ஒரு தூறல் விழுந்தாலும் செங்கல் கரைத்த மாதிரி ஆகிவிடும். குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்துகொண்டே இருந்தது.

சூசையம்மாளுக்கும் ஒன்று தெளியாமல் தங்கிவிட்டது. தகரக் கூரையில் மழை சடசடக்கத் தொடங்கினால் அவளால் வீட்டில் இருக்க முடியாது. அடுப்பில் எது இருந்தாலும் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மேட்டிலிருக்கும் ரப்பர்ப் பால் ஸ்டோருக்குப் போய்விடுவாள். அங்கே ரப்பர் ஷீட்டு உருட்டும் மிஷினுக்குப் பக்கத்தில், புளித்த பால் வாடையில், மழை விடும்வரை முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வேலைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். கிரகோரி வீட்டுக்கு வந்து பாதி வெந்த சோற்றைப் பார்ப்பார். ஒன்றும் கேட்க மாட்டார். தானே அடுப்பை மூட்டுவார்.

இந்த வருஷம் ஜூனில் அந்தோணியார் திருநாள் முடிந்த வாரம், தொரைக்குக் கீழே தோட்ட வேலைகளை மேற்பார்க்கும் கண்டக்டர் கனகராஜ் பெரட்டு முடிந்ததும் கிரகோரியைத் தனியாகக் கூப்பிட்டார். கனகராஜ் வயதில் சின்னவர். இங்கிலீஷ் படித்தவர். தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவர் காலடியில் ஒரு சின்னச் சாக்கு மூட்டை இருந்தது.

“கங்காணி, இதுல கொடி விதை இருக்கு. சிங்கப்பூர்லருந்து தொரை வரவழைச்சிருக்காரு. நம்ம லயத்துக்கு மேல இருக்கிற சரிவுல இதைப் போடப் போறோம். புல்லு வெட்டுறதை அங்க நிறுத்திடுங்க.”

கிரகோரிக்குக் காதில் சரியாக விழவில்லை போலிருந்தது. “எதை நிறுத்தணும்?”

“புல்லு வெட்டுறதை. முளைச்சது முளைக்கட்டும். மரத்தைச் சுத்தி மட்டும் ஒரு வட்டம் எடுத்தாப் போதும். குறுக்கால வரப்புப் போட்டு, வரப்புக்கு மேல்பக்கம் குழி வெட்டணும். தண்ணி ஓடிப் போகாம குழியில நின்னு, மண்ணு அதுல தங்கிடும். மத்த எடத்தைக் கொடி மூடிக்கும்.”

கிரகோரி மூட்டையைப் பார்த்தார். பிறகு கண்டக்டரைப் பார்த்தார். “கொடி மூடிக்கிச்சுன்னா புல்லு வெட்ட ஆளு வேணாம். அதானே சங்கதி?”

கனகராஜ் மூட்டையைக் காலால் கொஞ்சம் நகர்த்தினார்.

“ஐயா, நான் படிக்காதவன். ஆனா கண்ணு இருக்கு. ரப்பர் வெலை விழுந்ததுலருந்து பக்கத்துத் தோட்டத்துல என்ன நடக்குதுன்னு பார்த்துக்கிட்டுதான் இருக்கேன். போன மாசம் அங்க புல்வெட்டுக் கும்பலை அப்படியே லாரியில ஏத்தி, ஊருக்குப் போற கப்பலுக்கு அனுப்பிட்டாங்க. என் கும்பல்ல பாதிப் பேருக்கு ஊருல போய் நிக்க ஒரு குடிசைகூடக் கெடையாது. நானே என் கையால அவங்களை அனுப்பி வைக்கணுமா?”

“தொரை மனசுல அந்தக் கணக்கும் இருக்கலாம் கங்காணி. இல்லேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன்” என்றார் கனகராஜ். “ஆனா குழி வெட்ட, வரப்புப் போட, விதை ஊன்ற ஆளு வேணும். அதை வெளியாளுக்குக் குடுக்காம உங்க கும்பலுக்கே கேட்டு வாங்கியிருக்கேன். மழைக்காலம் முடியிற வரைக்கும் யாரையும் தொடமாட்டாங்க.”

“அதுக்கப்புறம்?”

“சரிவு தாங்கிச்சுன்னா, இதே வேலை தோட்டம் பூராவும் இருக்கு. தாங்கலேன்னா, உங்களுக்கு முன்னால நான் பொட்டி கட்டுவேன்.”

கிரகோரி யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மலைக்குப் போனார். அன்றைக்கு வழக்கத்தைவிடக் கடுமையாகப் புல் வெட்ட வைத்தார்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது சூசையம்மாள் நெத்திலிக் கருவாட்டைப் புளி கரைத்து வைத்திருந்தாள். கூடவே அல்லூர்க் கரையில் பறித்த கங்கோங் கீரை. அவர் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கண்டக்டர் சொன்னதை எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது.

“ஆறு வருஷமா அந்த மலையைக் கண்ணாடி மாதிரி வச்சிருக்கேன். இப்ப வந்து காடாக்குன்னா என்ன அர்த்தம்? சின்னப் பய, நேத்து வந்தவன். அவனுக்கு மலையைப் பத்தி என்ன தெரியும்?”

சூசையம்மாள் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள். “நீங்க அந்த மலையைப் பார்த்தா உங்களுக்குப் பெருமையா இருக்கு. எனக்கு அதைப் பார்த்தா இடுப்புல மண்ணு ஏறுது.”

கிரகோரியின் கை தட்டிலேயே நின்றது. “இத்தனை மாசமா இதைச் சொல்லலையே நீ” என்றார்.

“நீங்க கேக்கலை.”

“நான் அடுப்பை மூட்டுறதைப் பார்த்துக்கிட்டுதானே இருந்தே. கேக்கலேன்னா தெரியாதுன்னு அர்த்தமா?”

“தெரியும்னு எனக்கும் தெரியும். அதான் நானும் சொல்லலை” என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து, “கும்பலைக் கப்பல் ஏத்திடுவாங்கன்னு பயப்படுறீங்க. நியாயந்தான். ஆனா இன்னொரு தடவை மண்ணு வந்துச்சுன்னா கப்பல் ஏத்த ஆளு இருக்க வேணாமா? மேல் வரிசையில பேச்சியம்மா மக நாலு மாசப் புள்ளையை வச்சிக்கிட்டுக் கெடக்கா. சாப்பிடுங்க, ஆறுது” என்றாள்.

மறுநாள் காலையில் கிரகோரி கும்பலைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. கொடி படர்ந்தால் வேலை போகலாம் என்பதையும் சொன்னார். கும்பலில் ஐயாசாமி என்று ஒருவன், வாய்க்காரன். அவன்தான் முதலில் பேசினான்.

“கங்காணி, நம்ம புல்லு வெட்டி வெட்டிதானே நம்ம கெணத்துலயே மண்ணு விழுந்துச்சு? என் வீட்டுல புள்ளைங்க மூணும் வயித்தைப் பிடிச்சிக்கிட்டுக் கெடக்குதுங்க. வேலை போனா பார்த்துக்கலாம். குழியை வெட்டுவோம்.”

சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால் யாரும் விலகிப் போகவில்லை.

அப்புறம் வேலை ஆரம்பித்தது. கனகராஜ் மூன்று கம்புகளை முக்கோணமாகக் கட்டி, நடுவில் நூலில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு எடுத்து வந்தார். அதை நிறுத்தி நிறுத்தி, கல் குறுக்குக் கம்பின் நடுக்கோட்டில் நிற்கும் இடமெல்லாம் ஒரு முளை அடித்தார். முளைகள் மலையைச் சுற்றி வளைந்து வளைந்து போயின. ஒரே மட்டமாகப் போகும் அந்தக் கோட்டில்தான் வரப்பு வர வேண்டும். கிரகோரிக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. இரண்டாம் நாள் அவரே கம்பின் ஒரு காலைப் பிடித்துக் கொண்டார். நாலாம் நாள், “இங்க கல்லு கொஞ்சம் தள்ளி நிக்குது பாருங்க” என்று கண்டக்டருக்குச் சொன்னார்.

மேல்மண்தான் கூழ். ஒரு சாண் கீழே போனால் மண்வெட்டி துள்ளும் கெட்டிச் செம்மண். ஆண்கள் குழி வெட்ட, பெண்கள் கூடையில் மண்ணை அள்ளி வரப்பில் கொட்டி மிதித்தார்கள். வெயில் ஏற ஏற முதுகில் உப்புப் பூத்தது. வரப்புக்கும் வரப்புக்கும் நடுவே கொடி விதையை இரண்டிரண்டாக ஊன்றினார்கள். மத்தியானம் வாளியில் கடுங்காப்பி வரும். ஐயாசாமி குழிக்குள் படுத்துப் பார்த்து, “எனக்குச் சரியா இருக்கு கங்காணி, மழைக்குள்ள செத்தா இதுலயே போட்டு மூடிடுங்க” என்பான். அவன் பெண்டாட்டி கூடையை அவன் மேலேயே கவிழ்ப்பாள்.

புல் முளைக்கத் தொடங்கியபோதுதான் கிரகோரிக்குக் கஷ்டம் வந்தது. முதலில் ஊசி ஊசியாக வந்தது. பிறகு பெரணை, பிறகு பெயர் தெரியாத செடிகள். நடுவே கொடி மூன்று மூன்று இலையாக விரிந்து, சங்குப்பூ மாதிரி ஊதாப் பூ விட்டது. மலைக்குத் தலைமயிர் முளைத்துவிட்டது என்று பால்வெட்டுக் கங்காணிகள் கேலி செய்தார்கள். கோத்தா திங்கிக் கடைத்தெருவில்கூட ஒருவன் கேட்டான், “என்ன கிரகோரி அண்ணே, தோட்டத்தை வித்துட்டாங்களா?” என்று. அவர் பதில் சொல்லாமல் வந்துவிட்டார். சரிவில் நடக்கும்போது அவர் கை தானாக நீண்டு எதையாவது பிடுங்கிவிடும். பிடுங்கின பிறகுதான் நினைவு வரும். சுற்றிலும் பார்த்துவிட்டு அதை மடியில் சொருகிக் கொள்வார்.

கல்லறைத் திருநாளுக்குக் கல்லறைகளைக் கூட்டி மெழுகுவர்த்தி வைத்த அன்று வானம் கறுத்தது. கொடி அப்போது சரிவில் பாதிக்குமேல் மூடியிருந்தது. நடுவில் ஒரு பெரிய திட்டு மட்டும் இன்னும் சிவப்பாகவே கிடந்தது. அங்கே விதை சரியாகப் பிடிக்கவில்லை.

மழை முதலில் சாயந்தரம் சாயந்தரமாக வந்தது. பிறகு மத்தியானத்திலேயே வந்தது. டிசம்பரில் ஒரு நாள் காலையில் தொடங்கிய மழை, மறுநாளும் அதற்கடுத்த நாளும் நிற்கவில்லை. பால்வெட்டு நின்றது. ஆறு கரையைத் தொட்டுவிட்டதாகச் சேதி வந்தது. மேல் லயத்துக்காரர்கள் சாமான்களைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். சூசையம்மாள் முதல் நாளே ஸ்டோருக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் வெளிச்சம் வந்ததும் கிரகோரியும் ஐயாசாமியும் சாக்கைப் போர்த்திக்கொண்டு சரிவைப் பார்க்க ஏறினார்கள். கனகராஜ் அவர்களுக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார், முழங்கால்வரை சேறாக. அவர் முகம் சரியாக இல்லை.

“நடு வரப்பு ஊறிப் போச்சு கங்காணி. குழி ரொம்பி, வரப்பு மேல தண்ணி வழியுது.”

கொடி மூடாத அந்தத் திட்டிலிருந்துதான் சேறு வந்துகொண்டிருந்தது. குழி சிவப்பாக நிரம்பித் தளும்பியது. வரப்பின் ஓரிடத்தில் கை அகலத்துக்கு ஒரு வாய் திறந்து, தண்ணீர் அதில் விழுந்து விழுந்து வாயைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழேதான் லயம். வாசலில் நிற்கிறவர்கள் இங்கிருந்து பொம்மைகள் மாதிரி தெரிந்தார்கள்.

கிரகோரி யோசிக்கவில்லை. அந்த வாயிலேயே இறங்கி, முதுகை வைத்து அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “ஐயாசாமி, ஓடு. கும்பலைக் கூப்பிடு. கெடைச்ச சாக்கெல்லாம் எடுத்துக்கிட்டு வரச்சொல்லு. ஐயா, நீங்க மண்வெட்டியைப் புடிங்க. அந்தப் பக்கம் வரப்பு நொனியில ஒரு வாய்க்கா கீறி, அல்லூருக்குத் தண்ணியைத் திருப்புங்க. குழி தாழ்ந்தாத்தான் இங்க நிக்கும்.”

கனகராஜ் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். கிரகோரியின் முதுகில் தண்ணீர் ஐஸ் மாதிரி அடித்தது. கீழே மண் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கியது. இடுப்பில் சேறு ஏறி இறுக்குவதை அவர் உணர்ந்தார். இப்படித்தான் அவளுக்கும் இருந்திருக்கும் என்று நினைத்தார். அதற்குமேல் நினைக்க நேரமில்லை.

ஆட்கள் வந்தார்கள். ஐயாசாமி முன்னால், அவனுக்குப் பின்னால் ஆண்கள். அவர்களுக்குப் பின்னால் பெண்கள் ஒரு வரிசையாக, தலையில் சாக்குக் கட்டோடு ஏறினார்கள். வரிசையின் முன்னால் வந்தவள் சூசையம்மாள். ஸ்டோரிலிருந்த காலிச் சாக்கையெல்லாம் அவள்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். பூட்டியிருந்த அறையை, ஸ்டோர்க்காரனைத் திட்டித் திறக்க வைத்திருக்கிறாள். அவள் நேராக அவரிடம் வந்து, ஒரு சாக்கை விரித்துப் பிடித்தாள்.

“நீ எதுக்கு வந்தே? எறங்கிப் போ.”

“பேசாம இருங்க. பேச்சியம்மா, மண்ணு போடு.”

பேச்சியம்மாள் வரப்பின் கீழ்ப்பக்கத்துக் கெட்டி மண்ணை அள்ளிப் போட்டாள். சாக்குகளைக் கட்டிக் கட்டிக் கிரகோரியின் இரண்டு பக்கமும் அடுக்கினார்கள். மேல்பக்கத்துச் சரிவிலிருந்து பெரணையையும் கிளைகளையும் வெட்டி இழுத்துவந்து, சாக்குக்கு முன்னால் போட்டு மிதித்தார்கள். கனகராஜ் கீறிய வாய்க்காலில் தண்ணீர் திரும்பும் சத்தம் கேட்டது. குழியில் தளும்பல் குறைந்தது. ஐயாசாமியும் இன்னொருவனும் கிரகோரியின் கையைப் பிடித்து இழுத்தார்கள். அவர் எழுந்ததும் அந்த இடத்தில் கடைசிச் சாக்குகளைத் திணித்தார்கள். எல்லோரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

வரப்பு நின்றது.

மத்தியானம்வரை யாரும் இறங்கவில்லை. ஊறுகிற இடமெல்லாம் மிதித்துக்கொண்டே சுற்றினார்கள். மேலே கொடி மூடிய பக்கங்களில் வேலையே இருக்கவில்லை. அங்கே தண்ணீர் இலைக்கடியில் சலசலத்துக் கசிந்து, கலங்காமல் குழியில் இறங்கிக்கொண்டிருந்தது. பேச்சியம்மாள் கீழே போய் ஒரு வாளி காப்பியும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்தாள். நனைந்தபடியே நின்று தின்றார்கள். தின்று முடிக்கும்போதுதான் மழை மெலிந்திருப்பதை ஒருவர் கவனித்துச் சொன்னார்.

மறுநாள் வெயில் வந்தது. மலையின் தெற்குப் பக்கம், யாரும் கொடி போடாத பக்கம், மண் இறங்கி வண்டிப்பாதையை மூடியிருந்தது. அங்கே குடியிருப்பு இல்லாததால் யாருக்கும் ஒன்றுமில்லை. லயத்துப் பக்கம் அல்லூர் நிறையத் தண்ணீர் ஓடியது, அவ்வளவுதான். பெண்கள் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். ஐயாசாமியின் பெண்டாட்டி ஒரு வாளி இறைத்து, உள்ளே கையை விட்டு, “விரல் தெரியுதுடி” என்றாள். எல்லோரும் ஒவ்வொருத்தராகக் கையை விட்டுப் பார்த்தார்கள். சூசையம்மாள் வீட்டுக்குள் போய்ப் படுத்து, சாயந்தரம்வரை அசையாமல் தூங்கினாள்.

பெரிய தொரை அந்த வாரமே கனகராஜோடு சரிவைப் பார்க்க வந்தார். கிரகோரியும் போயிருந்தார். தொரை தெற்குப் பக்கத்தை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார். குழிகளில் நிறைந்திருந்த மண்ணைத் தடியால் குத்திக் குத்தி ஆழம் பார்த்தார். தோட்டத்தை விட்டு ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய மண் அத்தனையும் அங்கே கிடந்தது.

“கனகராஜ், மற்ற மலைக்கும் இது செய்யணும்” என்றார் தொரை தன் தமிழில். “கங்காணி, உன் ஆள் போதுமா?”

கிரகோரி திரும்பிக் கண்டக்டரைப் பார்த்தார். கனகராஜ் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார், ஆனால் அவர் சிரிப்பது காதோரத்தில் தெரிந்தது.

“போதும் தொரை. முப்பது பேரும் வேணும். ஒருத்தரும் கொறையக் கூடாது.”

“சரி.” தொரை குனிந்து, வேர் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்க, ஒரு கொடியைப் பிடித்து இழுத்தார்.

“தொரை, பிடுங்காதீங்க” என்றார் கிரகோரி.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. தொரை நிமிர்ந்து அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தார். கனகராஜும் சிரித்தார். கிரகோரி சிரிக்கவில்லை. அவசரமாகக் குனிந்து, தளர்ந்த வேரை மண்ணில் திரும்ப வைத்து, கட்டை விரலால் சுற்றிலும் அமுக்கிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னபோது சூசையம்மாள் சிரித்துச் சிரித்து, அடுப்பிலிருந்த சோற்றை அடிப்பிடிக்க விட்டுவிட்டாள். பேச்சியம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று. சொல்லி முடித்ததும் சூசையம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப நாளைக்குப் பெரட்டுல என் பேரையும் சேத்துக்குங்க” என்றாள்.

“முப்பது பேருதான்னு தொரைகிட்ட சொல்லிட்டேனே.”

“முப்பத்தொண்ணுன்னு போய்ச் சொல்லுங்க. தொரையவே அதட்டுன ஆளுதானே நீங்க?”

கிரகோரி தீய்ந்த சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நன்றாகப் பசித்தது.